ஜிர்கான், கோமேதகம், அமெரிக்க வைரம்: ஒரு பெயர்க் குழப்பத்தின் வரலாறு

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி ஆகிய ஊர்களில் ஒரு வீட்டில் திருமணம் நிச்சயமானால், நகை வாங்குவோர் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ செல்வர். சற்றுப் பெரிய அளவில் வாங்க எண்ணுவோர் மதுரைத் தெற்காவணி மூல வீதிவரை போய்வருவர். பொன்னைப் பற்றி அவர்கள் அறியாதது ஒன்றுமில்லை. சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, அன்றைய விலை என்ன என்று வீட்டுப் பெண்டிர் அடுக்கும் வினாக்களுக்கு விடை கூறக் கடைக்காரரே சிறிது தயங்குவார். ஆனால் கல் என்று வந்துவிட்டால் அந்தக் கூர்மை எங்கோ மழுங்கிவிடுகிறது. தோட்டில் பதித்துள்ள வெள்ளைக்கல் யாது என்று கேட்டால், "ஜிர்கான்" என்னும் ஒரே சொல் விடையாக வருகிறது. கேட்டவரும் அமைதியடைந்துவிடுகிறார்.

அந்த ஒரு சொல் இன்று மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுட்டுகிறது. மண்ணில் விளைந்த ஜிர்கான் ஒன்று. ஜிர்கோனியமும் சிலிக்காவும் சேர்ந்த இயற்கைக் கனிமம் அது. உலையில் உருக்கி வளர்த்த ஜிர்கோனியா மற்றொன்று. அமெரிக்க வைரம் என்றும், சி.இசட். கல் என்றும் வழங்குவது இதுவே. மூன்றாவது, நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகம். அதற்கு ஆங்கில ஈடாக ஜிர்கான் என்று எழுதும் பழைய வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. முதற்கல் காரட் கணக்கில் விலை பேசப்படுவது. இரண்டாவது ஆலைப் பொருளாக மலிவாய்க் கிடைப்பது. மூன்றாவது வேறு இனத்தைச் சேர்ந்தது. இம்மூன்றும் ஒரு பெயரில் வந்து கலந்த வரலாறு நீண்டது. அதன் தொடக்கம் பாண்டிய நாட்டு இலக்கியத்திலேயே காணக் கிடைக்கிறது.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையை ஊன்றிப் படித்தோர் மதுரையின் மணிக்கடை வீதியை மறந்திருக்க மாட்டார்கள். கண்ணகியைச் சமணத் துறவியாகிய கவுந்தியடிகளின் காவலில் புறஞ்சேரியில் விட்டுவிட்டு நகர்காணப் புறப்பட்ட கோவலன் அவ்வீதி வழியாகச் செல்கிறான். அங்கே வைரம் என்றால் வெறும் வைரம் அன்று. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றமும் நீங்கிய வைரம். மரகதம், பதுமராகம், நீலம் என ஒவ்வொன்றும் அதனதன் குணங்களோடு வருகிறது. கோமேதகத்தை ஆசிரியர் இருவேறு நிறம் உடையதாகக் குறிக்கிறார். மஞ்சளும் சிவப்பும் கலந்தது என்று உரைகாரர் விளக்குவர். அத்துடன், தோற்றத்தில் ஒன்றாகி வனப்பில் ஐந்தாக வேறுபட்ட மணிகள் என ஒரு தொகுதியும் பேசப்படுகிறது. மாணிக்கம், புட்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தே அவை என்பது உரை.

இக்கருத்தை இன்றைய கனிமவியலோடு ஒப்பிட்டு நோக்கினால் வியப்பே மிஞ்சும். மாணிக்கமும் நீலமும் புட்பராகமும் உண்மையிலேயே ஒரே கனிமத்தின் நிறவேறுபாடுகள்தாம். அக்கனிமத்துக்கு உலகம் வழங்கும் பெயரும் நம் தமிழ்க் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து சென்றதே. வைடூரியமும் கோமேதகமும் மட்டுமே வேறு இனங்கள். வேதியியல் ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில், கண்ணையும் கையையும் மட்டும் நம்பியவர்கள் ஐந்தில் மூன்றைச் சரியாக ஓரினமாக்கி வைத்திருந்தார்கள் என்றால், அவர்களைக் குறை சொல்ல எவர்க்கு மனம் வரும்?

இத்தகைய மணிநூல் வல்லார் நிறைந்த வீதியைக் கண்ட அதே கோவலன், பின்னர்ச் சிலம்பை விற்கச் சென்றபோது வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனையே நம்பினான். அரசவையிலும் சிலம்பினுள் இருப்பது எது என்று எவரும் முதலில் ஆராயவில்லை. உடைத்துப் பார்த்த பின்னரே அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற உண்மை வெளிப்பட்டது. புறத்தோற்றம் ஒத்திருந்த இரு பொருள்களுள் அகத்தே இருந்தது வேறு. சோதனை காலம் கடந்து நிகழ்ந்ததன் விலையை மதுரை நகரமே கொடுத்தது.

மணிகளை ஆராயும் கல்வி வடமொழியில் இரத்தின சாத்திரம் என்ற தனித்துறையாக வளர்ந்தது. புத்தபட்டரின் இரத்தின பரீட்சை, அகத்தியர் பெயரால் வழங்கும் அகத்தி மதம் முதலியவை அத்துறையின் முதல் நூல்கள். ஆயினும் நூலறிவோடு கண்ணறிவும் சேர்ந்த ஒருவரைத் தேடினால், சமணரான தக்குர பேருவையே முதலில் சுட்ட வேண்டும். தில்லியில் அலாவுதீன் கில்ஜியின் ஆட்சியில் அரசுப் பணியில் இருந்த இவர், 1315இல் 'இரயண பரிக்கா' என்னும் மணிநூலைத் தம் மகனுக்காக இயற்றினார். முன்னோர் நூல்களைக் கற்றதோடு, சுல்தானின் கருவூலத்தில் கடல்போல் குவிந்திருந்த மணிகளைத் தம் கண்ணாலேயே கண்டு எழுதியதாக அவரே கூறுகிறார். பழைய நூல்களில் இல்லாத பாரசீகப் பெயருடைய கற்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். எடைக்கு ஏற்ப இன்ன மணிக்கு இன்ன விலை என்று பட்டியலும் அமைத்தார். நாணயங்களைச் சோதிப்பது பற்றி 1318இல் 'திரவிய பரீட்சை' என்ற நூலையும் அவர் எழுதியிருப்பது, அவருடைய மனப்போக்கு எத்தகையது என்பதைக் காட்டும். பெயரைக் கேட்டு நம்பும் மனிதர் அல்லர் அவர், நிறுத்துப் பார்ப்பவர்.

இதில் பாண்டிய நாட்டார் நினைக்கத்தக்க ஒன்று உண்டு. 1311இல் மாலிக் காபூர் மதுரைப் பகுதியைக் கொள்ளையிட்டுக் கொண்டுசென்ற செல்வம் தில்லியைத்தான் சென்றடைந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து நூலெழுதிய பேருவின் கண்ணில் பட்ட மணிகளுள் மதுரை மணிகளும் இருந்திருத்தல் கூடும்.

இனிக் கோமேதகத்துக்கு வருவோம். தேன் நிறமும் செம்மை கலந்த பழுப்பு நிறமும் கொண்ட கற்கள் இலங்கை ஆற்றுப் படுகைகளில் இரண்டு இனமாகக் கிடைக்கின்றன. ஒன்று கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்த ஹெசொனைட். மற்றொன்று பழுப்பு ஜிர்கான். இரண்டும் ஒரே சரளைமண்ணில் பக்கம் பக்கமாகக் கிடப்பவை. வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றுபவை. ஐரோப்பியர் இரண்டையும் சேர்த்து 'ஜசிந்த்' என்று அழைத்தனர். ஆங்கில வேதியியல் அறிஞர் ஆர்தர் சர்ச், ஜிர்கான் என்று பெரிதும் கருதப்பட்ட செதுக்கு மணிகள் பலவற்றின் ஒப்படர்த்தியைச் சோதித்து, அவை உண்மையில் ஹெசொனைட்டே என நிறுவினார். காட்சிக்கூடங்களிலேயே இவ்வளவு குழப்பம் இருந்ததென்றால், கோமேதகம் என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடியவர்கள் ஜிர்கான் என்று எழுதியதைப் பெரும்பிழையாகச் சொல்ல இயலாது. இக்காலத்து வணிகத்தில் கோமேதகம் என்றால் ஹெசொனைட்டே. இராகுவுக்குரிய மணி என்று நம்பி வாங்குவோரும் அதையே வாங்குகின்றனர்.

தாய்லாந்தின் நவமணிப் பட்டியல் இவ்விடத்தில் நல்ல சான்று. வைரம், மாணிக்கம், மரகதம் முதலியவற்றோடு 'கோமேன்' என்ற மணியும் அங்கு உண்டு. அது கோமேதகமே, கார்னெட்டே. நம் பட்டியலில் உள்ள பவழம் அங்கே இல்லை. ஜிர்கான் 'பேத்தாய்' என்ற தனிப்பெயரோடு தனி மணியாக நிற்கிறது. கோமேதகம் வேறு, ஜிர்கான் வேறு என்பதை அந்நாட்டார் மரபிலேயே பிரித்து வைத்துவிட்டனர்.

ஜிர்கான் என்ற சொல்லின் பிறப்பைப் பாரசீகத்தில் காண்பர் சொல்லாய்வாளர். பொன்னிறம் எனப் பொருள்படும் 'சர்கூன்' அரபு வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று 'ஜார்கூன்' ஆகிப் பின் இவ்வடிவம் பெற்றது. கல்லோ சென்றது நம் பக்கத்துக் கடலைத் தாண்டித்தான். இலங்கையின் இரத்தினபுரியும் தென்முனையில் உள்ள மாத்தறையும் இதன் பழைய விளைநிலங்கள். நிறமற்ற ஜிர்கானுக்கு 'மாத்தறை வைரம்' என்றே வணிகத்தில் பெயர். காயல்பட்டினத்து வணிகர்கள் இலங்கையோடு நடத்திய மணிவாணிபம் தென்பாண்டி நாட்டில் யாவரும் அறிந்த செய்தி. 1789இல் பெர்லின் நகரத்து வேதியியலறிஞர் மார்ட்டின் ஹைன்ரிச் கிளாப்ரோத் இலங்கைக் கல்லொன்றைப் பகுத்தாராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத ஒரு தனிமம் அதனுள் இருப்பதைக் கண்டார். அதுவே ஜிர்கோனியம். மாத்தறைப் பெண்கள் அணிந்த வெள்ளைக்கல் ஒன்றே உலகத் தனிமங்களின் எண்ணிக்கையைக் கூட்டியது எனலாம்.

ஜிர்கானின் தனிச்சிறப்பு அதன் ஒளி. வைரம் வெண்ணொளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறனை 0.044 என அளவிட்டால், ஜிர்கானின் திறன் 0.039. இயற்கைக் கற்களில் வைரத்துக்கு இவ்வளவு அண்மையில் நிற்பவை மிகச் சிலவே. ஆகையால்தான் வைரத்தின் இடத்தில் அதை வைக்கும் ஆசை தோன்றியது. தனக்குரிய அழகோடு நின்றிருக்க வேண்டிய ஒரு கல், பிறிதொன்றின் போலியாக அழைக்கப்பட்டே வாழ நேர்ந்தது. இதைக் கல்லின் ஊழ் என்பதா, விற்றவர் செயல் என்பதா?

நிறத்திலும் மாந்தர் கை உண்டு. பழுப்பு ஜிர்கானைச் சுமார் 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், சில கற்கள் நிறமற்றவை ஆகும், சில நீலமாகும். 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீல ஜிர்கான் மேல் பெருவிருப்பம் எழுந்தபோது, அவை பெரும்பாலும் தாய்லாந்தில் சுடப்பட்டவையாக இருந்தன. இன்று நீல ஜிர்கானுக்குப் பெயர்பெற்றது கம்போடியாவின் ரத்தனகிரி மாநிலம். அப்பெயரைத் தமிழர்க்கு மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. சுடுதல் வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே, மறைத்தல்தான் குற்றம். சுட்ட கற்களுள் சில நெடுநாள் வெயிலில் பட்டால் பழைய பழுப்புக்குத் திரும்புவதும் உண்டு என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

குழப்பத்தின் கடைசிப் படலம் அண்மைக் காலத்தது. 1937இல் ஜெர்மானியக் கனிமவியலார் இருவர், கதிரியக்கத்தால் சிதைந்த ஒரு ஜிர்கானுக்குள் நுண்ணோக்கியில் மட்டுமே காணத்தக்க சிறு படிகங்களைக் கண்டனர். அவை கனசதுர அமைப்புடைய ஜிர்கோனியா. அதைச் செயற்கையாகப் பெரிய அளவில் வளர்ப்பது எளிதாக இல்லை. உருகுவதற்கே சுமார் 2,750 பாகை செல்சியஸ் வேண்டும். அவ்வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் கிடைப்பது அரிது. மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தார் 1970களில் இதற்கு ஒரு வழி கண்டனர். புறத்தே நீரால் குளிர்விக்கப்பட்ட கூட்டில், அப்பொருளின் உருகாத மேலோடே பாத்திரமாக நிற்க, உள்ளே உருகியது படிகமாயிற்று. தம் நிறுவனத்தின் சுருக்கப் பெயரைக் கொண்டு அதற்கு 'பியனைட்' எனப் பெயரிட்டனர். ருஷ்ய நாட்டில் முறை கண்ட அக்கல்லுக்கு நம் நாட்டுக் கடைவீதி 'அமெரிக்க வைரம்' என்று பெயர் சூட்டியது ஒரு வேடிக்கை. செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் திருச்சிராப்பள்ளியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பெயர் பெற்றவை. பல குடும்பங்கள் அக்கைத்தொழிலால் வாழ்ந்தன. பின்னர்ச் சீனத்து வூசோ நகரத்துக் கற்கள் மலிந்ததால் அத்தொழில் தளர்ந்தது. கல் செயற்கை என்பதற்காகத் திருச்சித் தொழிலாளரின் கைத்திறனும் செயற்கை ஆகிவிடாது.

ஜிர்கோனியா, ஜிர்கான் என்னும் பெயர்கள் ஓசையால் நெருங்கி நிற்பதால் கடைவழக்கில் இரண்டும் ஒன்றாயின. அறியாமல் கூறுவோரே பெரும்பாலோர். எனினும் அறிந்து கூறுவோர்க்கு நம் அறநூல்கள் எப்போதோ பெயரிட்டுவிட்டன. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுமிடத்தில், அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தலுக்கு அடுத்ததாகப் 'பிரதிரூபக வியவகாரம்' என்பதைச் சேர்க்கிறது. போலியை மெய்யாகக் காட்டி வாணிகம் செய்தல் என்பது அதன் பொருள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமோ, ஒத்த தோற்றமுடையதைக் கலத்தல் என்று அதனையே வேறு சொல்லால் கூறும். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. இரண்டு பெயருக்கும் மணிகளை இட்டுவைக்கும் பேழை என்பதே பொருள். நூலுக்கே மணிப்பெட்டி என்று பெயரிட்டவர்கள், கலப்படத்தைக் களவோடு சேர்த்து எண்ணியதில் வியப்பில்லை. சிந்தாமணி, சூளாமணி எனக் காப்பியங்களுக்கும் மணியின் பெயரையே இட்டது சமண மரபு. மணியின் மதிப்பு அதன் மெய்ம்மையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு உவமை மட்டுமன்று, நாள்தோறும் கண்ட வாணிக வழக்கமும் ஆகும்.

மெய்யும் போலியும் பிரித்தறிய ஒருவர் மணிநூல் வல்லுநர் ஆகவேண்டும் என்பதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி ஒன்று போதும். ஜிர்கான் தன்னுள் புகும் ஒளியை இரண்டாகப் பிரிப்பது. கல்லின் மேல்முகத்தின் வழியே நோக்கினால், அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புக்கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். நேராகப் பார்க்கையில் தெரியாவிடில் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சில திசைகளில் அவ்விரட்டை மறைந்துவிடும். வைரத்திலும் ஜிர்கோனியாவிலும் கோமேதகத்திலும் கோடு ஒற்றையே. கோமேதகத்தினுள் வெல்லப்பாகு கரைவது போன்ற ஓர் அலைவு தென்படும்; அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். இலங்கைப் பச்சை ஜிர்கான்கள் சில மட்டும் இவ்விதிக்கு அடங்கா. அவற்றில் மிகச் சிறிதளவாக உள்ள யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிக அமைப்பைச் சிதைத்து, இரட்டைத் தோற்றத்தை மழுக்கியிருக்கும்.

பதிக்காத கல்லாயின் நீரில் நிறுத்துப் பார்ப்பது பழுதற்ற வழி. 4.6 காரட் எடையுள்ள ஜிர்கானை நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் ஏறத்தாழ 1 காரட் குறையும். அதே எடையுள்ள கோமேதகம் சுமார் 1.26 காரட் குறையும்; வைரம் சுமார் 1.3 காரட், ஜிர்கோனியா 0.8 காரட் அளவே குறையும். ஒரு காரட் என்பது 0.2 கிராம் ஆதலால் நுண்ணிய தராசு வேண்டும். நகைக்கடைகளில் அது உண்டு.

வாங்கும்போது கருத வேண்டியவை வேறு சில. நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரையும் ஆறிலக்க அடையாள எண்ணும் பொன்னின் தூய்மைக்கு மட்டுமே சான்று. கல்லைப் பற்றி அவை ஒரு சொல்லும் கூறா. இதனைப் பலர் அறியார். பொன்னின் நிகர எடை தனியாகவும், கல்லின் எடையும் விலையும் தனியாகவும், கல்லின் பெயர் இயற்கையா செயற்கையா என்ற குறிப்போடும் இரசீதில் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். கல்லின் எடையையும் பொன் விலையில் கொடுத்துவிட்டு, பின்னாளில் அடகுக்கோ மாற்றத்துக்கோ எடுத்துச் செல்லும்போது 'கல் கழிவு' என்று அதே எடை கழிக்கப்படக் கண்டு வருந்தும் குடும்பங்கள் எத்தனையோ. இயற்கை ஜிர்கான் என்று பெருந்தொகை கேட்கப்பட்டால் மணிச் சோதனைக்கூடச் சான்று கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. வெள்ளைக்கல் நகை மட்டுமே விரும்புவோர்க்கு ஜிர்கோனியா தாழ்ந்த கல் அன்று; அது ஜிர்கானைவிடக் கடினமானதும்கூட. செயற்கைக் கல்லைச் செயற்கை விலைக்கு வாங்குவதில் இழுக்கு எங்கே இருக்கிறது?

ஜிர்கானின் குறை அதன் நொறுங்கும் இயல்பு. கடினத்தில் ஏழரை அளவு வரை இருந்தாலும் விளிம்புகள் எளிதில் தேயும். ஒரே காகிதப் பொட்டலத்தில் பல கற்களை இட்டு வைத்தாலே ஒன்றோடொன்று உராய்ந்து மழுங்கும் என்பது மணி வணிகர் அனுபவம். ஆகவே மோதிரத்தைவிடத் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் பதக்கத்துக்கும் அது ஏற்றது. பழுது பார்க்கக் கொடுக்கும்போது ஊதுகுழல் தீ கல்லின்மேல் படாதபடி காக்குமாறு பொற்கொல்லரிடம் கூறிவிட வேண்டும். தீயால் நிறம் பெற்றது தீயாலேயே நிறம் இழக்கவும் கூடும்.

இழப்பு எப்போதும் போலியை மெய்யென்று வாங்குவதால் மட்டும் நேர்வதில்லை. பாட்டியார் காலத்து வெள்ளைக்கல் தோடு ஒன்றை உருக்கிப் புது நகை செய்யக் கொண்டுபோகும்போது, "இது வைரமில்லை, கண்ணாடிக்கல்" என்ற ஒரு சொல்லில் கற்கள் பிடுங்கப்பட்டு ஒரு கிண்ணத்தில் கொட்டப்படுகின்றன. வைரமில்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் வைரமில்லாதது எல்லாம் கண்ணாடி அன்று. இலங்கையோடு மணிவாணிபம் நடந்த நாட்டில் பழைய வெள்ளைக்கல் மாத்தறைக் கல்லாகவும் இருக்கக்கூடும். ஜிர்கோனியாவோ 1970களுக்கு முன் கடைக்கு வந்ததே இல்லை. ஆதலால் அதற்கு முற்பட்ட நகையில், கல் இடையில் மாற்றப்படாதிருந்தால், அது இருக்க இயலாது. கற்களைப் பிடுங்கும் முன்னர் தோட்டை வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கி வழியே அடிப்பக்கத்துக் கோடுகள் ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.